பதினொரு நாள் என் மேசைக்குள் கிடந்த கடிதம்

1

இந்த நாட்டில் ஒரு பிள்ளை மைதானத்தில் ஓடுவதற்கு முன்னால் தாளில் ஓடி முடிக்க வேண்டும். எத்தனை பாடம் எடுத்திருக்கிறாள், எத்தனையில் தேறியிருக்கிறாள், கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினாள், விழுந்து காலை முறித்துக்கொண்டால் கல்லூரியின் மேல் வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாளா, எல்லாம் எழுத்தில் வேண்டும். எங்கள் கல்லூரியில் அந்தத் தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. இலங்கையில் எங்கள் லிந்துலைத் தோட்டப் பக்கத்தில் யாராவது இதை வாசித்தால் சிரிப்பார்கள். சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்தால் தரையில் கயிற்றை இழுத்துக் கட்டி ஓட்டப்பந்தயம் நடத்திய ஸ்டெல்லா டீச்சர்தான் இப்போது கனடாவில் தகுதி பார்க்கிற ஆள்.

சிரிக்கட்டும். போன மாதம் அந்தத் தாள்களில் ஒன்றை நான் அனுப்பாமல் வைத்திருந்தேன். மறந்துபோய் அல்ல, தெரிந்தேதான். அதை ஊருக்கு எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. இங்கே யாரிடமாவது சொல்லலாம் என்றால் முதலில் பாதி சரித்திரத்தை விளக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாதி ஏற்கெனவே தெரியும்.

2

நாங்கள் வந்து இந்த ஏப்ரலோடு நாலு வருஷம் முடிந்தது. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஊரில் இருக்க மனசு ஒப்பவில்லை. என் வீட்டுக்காரர் அருளப்பன் கினிகத்தேனையில் கடையில் நின்றவர், கடை போய்விட்டது. இங்கே அவர் பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் நிற்கிறார். நான் முதல் வருஷம் இந்தக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தைத் துடைத்தேன். அடுத்த வருஷம் பந்தும் வலையும் சப்பாத்தும் எடுத்துக் கொடுக்கிற அறைக்கு மாற்றினார்கள்.

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வால்டர் என்று ஒரு விரிவுரையாளர், விளையாட்டு நிர்வாகம் சொல்லிக் கொடுப்பவர். அப்படியொரு பாடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் பக்கத்தில் விளையாட்டை நிர்வகிப்பது என்றால் முதலில் மைதானத்திலிருந்து மாட்டை விரட்டுவது. அவருடைய மாணவர்கள் போட்ட நிகழ்ச்சி நிரலில் நீளம் பாய்தல் முடிந்த அதே நிமிஷத்தில் அதே பிள்ளைகளுக்கு அஞ்சலோட்டம் இருந்தது. மூச்சு வாங்க நேரம் வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். எங்கே படித்தாய் என்றார். சொன்னேன். அடுத்த தவணையிலிருந்து அவருடைய வகுப்புக்கு நான் உதவியாளர்.

முதல் நாள் வரவு எடுக்கும்போது ஆங்கிலத்துக்கு நடுவில் ‘பெரட்டு’ என்று வாயில் வந்துவிட்டது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு வேறு என்ன சொல்வது? பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. இப்போது வால்டரே வகுப்புக்குள் வந்ததும், “ஸ்டெல்லா, பெரட்டு எடுத்தாயிற்றா?” என்கிறார். குளிரில் கூடையோடு நின்று அந்தப் பெரட்டில் பெயர் சொன்ன என் அம்மாவுக்கு இதை எழுதவில்லை. எழுதினால் என்ன நினைப்பாளோ தெரியாது.

தமிழ்க் கடைக்குப் போனால், “ஊரில எவடம்?” என்று கேட்பார்கள். லிந்துலை என்பேன். “ஓ, மலைநாடோ” என்பார்கள். குரல் ஒரு படி இறங்கும், அவ்வளவுதான். என் மகள் ஜெனிக்குப் பத்து வயது. அவளைக் கேட்டால் இந்த ஊர்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மிட்டாய் பக்கம் போய்விடுவாள். அவளுடைய தமிழ் இப்போது சாப்பாட்டுப் பெயர்களோடு நின்றுவிட்டது. ஒரு நாள் லயம் என்றால் என்ன என்று கேட்டாள். ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு என்றேன். “அப்பார்ட்மென்டா?” என்றாள். ஆமாம் என்று விட்டுவிட்டேன். சோம்பல்தான். கொஞ்சம் வெட்கமும் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

3

நான் அனுப்பாமல் வைத்த தாள் மார்த்தா என்ற மாணவியுடையது. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் புஷ்பத்தைச் சொல்லியாக வேண்டும்.

லிந்துலையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை. அப்பா மாரிமுத்து தேயிலை ஃபெக்டரியில் வேலை. அம்மா மேமலையில் கொழுந்து பறிப்பவள். பன்னிரண்டு மணிக்கு இடைவேளை விட்டதும் புஷ்பம் வீட்டுக்கு ஓடி, ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு மலையேறி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் வகுப்பில் வந்து உட்கார்ந்திருப்பாள். இதை நான் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஹட்டனில் நடந்த போட்டிக்கு எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். வெறுங்காலோடு ஓடினாள். இரண்டாவதாக வந்தவள் வந்து சேருவதற்குள் இவள் தலைமுடியை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டாள்.

“எப்புடி இருந்துச்சு?” என்றேன்.

“சமதரையில ஓடுறது லேசா இருக்கு டீச்சர். ஓடுன மாதிரியே இல்ல.”

அடுத்தது கண்டி. அங்கே பதினைந்து வயதுக்குக் கீழே என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். புஷ்பத்துக்குச் சான்றிதழ் கிடையாது. தோட்டத்து மருந்துக்காரரின் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது, அதோடு சரி. புதிதாகப் பதிவதென்றால் அப்பாவின் தாள்கள் வேண்டும் என்றார்கள். நான் மாரிமுத்துவின் வீட்டுக்குப் போனேன்.

அவர் எனக்குப் பலகையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“டீச்சர், எங்கிட்ட இருக்குறது ஒரே ஒரு தாளுங்க. அந்தப் பாஸ்போட்டுதான். அந்தப் பொட்டிய தொறக்க வேணாமுன்னு பாக்குறேன்.”

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களான நம்மைப் பங்கு பிரித்தபோது மாரிமுத்து இந்தியாவுக்கு என்று எழுதிக் கொடுத்தவர். புஷ்பம் அப்போது தவழ்கிற பிள்ளை. பாஸ்போர்ட்டும் வந்தது, இலங்கையில் இருக்கக் கொடுத்த தவணையும் முடிந்தது. அவர் போகவில்லை. அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மறுநாள் வழக்கம் போல வேலைக்குப் போனார். தோட்டத்தை நடத்துகிற தொரையும் கண்டுகொள்ளவில்லை. நம் ஆட்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

“இத்தன வருசம் கேக்காதவன் இப்ப எதுக்குங்க கேக்கப் போறான்? நம்ம போயி முன்னால நின்னாத்தானே கேப்பான்?” என்றார்.

அந்த மனிதர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் எனக்கு அது பயந்தவர் பேச்சாகப் பட்டது. என் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதி, அலைந்து, வாங்கியவர். தாளைக் கையில் வைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். அலுவலகம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. பயமில்லாததைத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நா கூட வாறேன். எனக்கு சிங்களம் நல்லா வரும். பிள்ளையோட எதிர்காலத்த பாருங்க,” என்றேன். புஷ்பம் அடுப்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை. ஓட ஆசையாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

4

நுவரெலியாக் கச்சேரிக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்க அதிபரின் அலுவலகம். மாரிமுத்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பாஸ்போர்ட்டை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல். முரடராக இருந்திருந்தால் பாதிப் பழியை அவர் மேல் போட்டிருக்கலாம். பிள்ளை ஓடுகிறவள் என்றதும் சிரித்து, அவர் மகளும் ஓடுகிறாள் என்று சொன்னார். பாஸ்போர்ட்டைத் திறந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. “பொட்டக் இன்ன,” கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி எழுந்து உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து ஒரு பெரிய புத்தகத்தில் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். சான்றிதழ் இரண்டு வாரத்தில் வரும் என்றார். வந்தது.

கண்டியில் புஷ்பம் ஜெயித்தாள். மற்றப் பிள்ளைகள் ஆணி வைத்த சப்பாத்து போட்டிருந்தார்கள். கடைசிச் சுற்றில் இவள் ஒவ்வொருத்தியாகக் கடந்துகொண்டு போனபோது நான் குடையைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு கத்தியதில் பக்கத்திலிருந்த மாஸ்டருக்குக் கன்னத்தில் பட்டுவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. என் கல்யாணத்திலும் இல்லை. அருளப்பன் இதை வாசிக்கட்டும், பரவாயில்லை.

நாலு மாதம் கழித்து மாரிமுத்துவின் பெயருக்கு அறிவித்தல் வந்தது. தவணை முடிந்தவர், குடும்பத்தோடு வெளியேற வேண்டும். அந்தத் தோட்டத்தில் அவரைப் போல இன்னும் பல குடும்பங்கள் இருந்தன. அந்த முறை அறிவித்தல் வந்தது அவருக்கு மட்டும்தான்.

தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி வருகிறவரை நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். மாரிமுத்து என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“நீங்க மனச போட்டு அலட்டிக்காதீங்க டீச்சர். நல்லதுன்னுதானே செஞ்சீங்க,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புஷ்பம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். “அங்கயும் கிரவுண்டு இருக்குமா டீச்சர்?” என்று கேட்டாள். இருக்கும், பெரிய கிரவுண்டே இருக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

5

இப்போது மார்த்தா. எல் சால்வடோரிலிருந்து அம்மாவோடு வந்தவள், இருபது வயது. இங்கே படிப்பது கடைசி வருஷம். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுவாள். ஓட்டத்தில் புஷ்பத்தின் சாயல் ஒன்றும் கிடையாது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி ஓடுவாள்.

வசந்தகாலப் போட்டியை எங்கள் கல்லூரியில் நடத்துவது, அதையும் வால்டரின் வகுப்பு மாணவர்களே நடத்துவது என்று ஏற்பாடு. ஒரு குழுவுக்கு முதலுதவி, ஒரு குழுவுக்கு அறிவிப்பு, ஒரு குழுவுக்குக் கார் நிறுத்துமிடம். தகுதி பார்க்கும் குழுவுக்கு நான் பொறுப்பு. வெளிநாட்டில் பிறந்த ஓட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு தாள் கூடுதல். குடிவரவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, இவர் இங்கே படிக்க உரிமை உள்ளவர்தான் என்று ஒரு வரி பதில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். மாணவர்கள் மார்த்தாவுக்கான கடிதத்தைத் தட்டச்சு செய்து என் கையெழுத்துக்கு வைத்தார்கள்.

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை.

ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு சம்பவம். பயிற்சி நேரத்தில் சீருடை போட்ட ஒருவர் மைதானத்துக்குள் வந்தார். தவறான இடத்தில் நிறுத்திய கார் யாருடையது என்று விசாரிக்க வந்த காவலாளி. அவரைக் கண்டதும் மார்த்தா பையைத் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கமாக ஓடிப்போனாள். நான் அதைப் பார்த்தேன், இவளிடம் சரியான தாள் இல்லை என்று கணக்குப் போட்டேன். பெட்டியைத் திறக்கப் பயப்படுகிற ஆட்களை எனக்குத் தெரியாதா?

கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். மாணவர்கள் கேட்டபோது நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒவ்வொரு நாளும் இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வீட்டில் பருப்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

அருளப்பனிடம் சொன்னேன். “அந்தப் பிள்ளைக்கிட்ட நேரா கேட்டுப் பாக்குறதுதானே?” என்றார்.

“கேட்டா பயந்துருவா. காலேஜுக்கே வரமாட்டா.”

“ஒனக்கு எப்புடி தெரியும்?”

“எனக்கு தெரியும்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். புஷ்பத்தின் கதை அவருக்குத் தெரியும். இந்த முறை நான் சரியாகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பிள்ளையின் இலக்கத்தை எந்தப் பெரிய புத்தகத்திலும் யாரும் குறித்துக்கொள்ள விடமாட்டேன். ஒரு ஓட்டம் போனால் போகட்டும். பதினோராவது நாள், வெள்ளிக்கிழமை, பெயர் கொடுக்கும் தவணை முடிந்தது. பட்டியல் மார்த்தாவின் பெயர் இல்லாமல் போயிற்று. எனக்குப் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. அதைச் சொல்ல இப்போது கூசுகிறது.

6

திங்கட்கிழமை பட்டியலை அறிவிப்புப் பலகையில் குத்தினார்கள். அரை மணி நேரத்தில் மார்த்தா என் அறை வாசலில் நின்றாள். என் பெயர் எங்கே என்றாள். நான் கதவைச் சாத்திவிட்டு மெதுவாக, என்னமோ அவளுடைய அம்மா போல, “உன் தாள் விஷயம் எனக்குப் புரிகிறது. கவலைப்படாதே, யாருக்கும் எழுதவில்லை,” என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன தாள் என்றாள். சொன்னேன். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் போட்டாள். அவளும் அம்மாவும் இந்த நாட்டில் நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டு இரண்டு வருஷம். முத்திரையெல்லாம் பளிச்சென்று இருந்தது. எங்கள் குடும்பத்துத் தாள்களைவிடச் சுத்தமாக இருந்தது.

“அன்றைக்குக் காவலாளியைப் பார்த்து ஓடினாயே?”

“எந்தக் காவலாளி? பஸ் வந்துவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடினேன்,” என்றாள்.

அவளையும் கூட்டிக்கொண்டு வால்டரிடம் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் போட்டிக் குழுவுக்குப் போன் போட்டார், இரண்டு முறை போட்டார். தவணை முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள். ஒருத்திக்கு விதியைத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டி வருமாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் வால்டர். மார்த்தாவுக்கு அடுத்த வருஷம் கிடையாது என்பது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வால்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார். புதன்கிழமை வகுப்பில், யாருடைய பெயரும் சொல்லாமல், இதை ஒரு பாடமாக வைத்தார். தகுதியுள்ள ஓட்டக்காரி ஒருத்தியின் பெயர் பட்டியலில் விடுபட்டது, நிர்வாகத்தில் எந்த இடத்தில் தவறு என்று கேட்டார். பிள்ளைகள் கை தூக்கினார்கள். இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை என்றான் ஒருவன். தவணைக்கு மூன்று நாள் முன்னால் நினைவூட்டல் வேண்டும் என்றாள் ஒருத்தி. அனைத்தையும் பலகையில் எழுதியது நான்தான், உதவியாளர் இல்லையா? பலகை நிறைந்துவிட்டது. ஒருவரும் என் காரணத்தைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அதை எந்தச் சொல்லால் எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

7

போட்டியன்று மார்த்தா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஆள் குறைவாக இருந்ததால் கடைசிச் சுற்று மணியை அடிக்கும் வேலையை வால்டர் அவளிடம் கொடுத்திருந்தார். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்தில் முன்னால் வந்த பெண்ணுக்கு மார்த்தாவே மணி அடித்தாள். அந்தப் பெண் ஓடி முடித்த நேரத்தை அறிவித்தபோது நான் மார்த்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரம் மார்த்தாவின் சாதாரணப் பயிற்சி நேரத்தைவிட ஆறு விநாடி அதிகம்.

எல்லாம் முடிந்து வேலித் தடிகளையும் கூம்புகளையும் நான் அறைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது மார்த்தா வந்தாள். கதவில் சாய்ந்து நின்றாள்.

“ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் யாரைக் காப்பாற்றினீர்கள்?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அப்போதுதான் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்து முதல் தடவையாக, என் உடைந்த ஆங்கிலத்தில், தேயிலை மலை, தகரப் பெட்டி, இரண்டு அரசாங்கம், பெரிய புத்தகம், கோச்சி என்று எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் சொன்னேன். பாதியில் அழுதுவிட்டேன். மார்த்தா குறுக்கே பேசாமல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து கேட்டாள். எனக்குத்தான் புத்தி இப்படிப் போகும், நான் சொல்லி முடித்ததும் அவள் என்னைக் கட்டிப்பிடித்து, பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“அந்தப் பெண் கண்டியில் ஜெயித்தாளா?”

“ஜெயித்தாள்.”

“அவளாவது ஓடினாள்,” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.